காவிரியில் மாசீர் குஞ்சு விடலாமா, கூடாதா?

கரையோரன்:
மேட்டூருக்கு மேலே காவிரியில் பெரிய மாசீர் மீன் கண்ணில் படுவதே இல்லை என்று எல்லோரும் புலம்புகிறோம். வழி கையிலேயே இருக்கிறதே! மகாராஷ்டிரத்து லோனாவலா மீன் பொரிப்பகத்தில் 1970களிலிருந்து நீலத்துடுப்பு மாசீரைப் பொரிக்கவைக்கிறார்கள். விரலளவுக் குஞ்சுகளை வாங்கி மடுக்களில் விட்டால் ஆறு நிறைந்துவிடும். இதில் என்ன தடை?

நீரடி:
அது காவிரி மீனே இல்லை, அதுதான் தடை. நீலத்துடுப்பு (டோர் குத்ரி) கிருஷ்ணா படுகையைச் சேர்ந்தது. 1839இல் சைக்ஸ் என்ற ஆய்வாளர் அதை முதலில் விவரித்தது புனே பக்கத்து முளா-முட்டா ஆற்றிலிருந்து. காவிரிக்கே உரியது திமில் மாசீர் (டோர் ரெமாதேவி), 50 கிலோவைத் தொடக்கூடிய மீன். அதன் அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். அதே வருடம் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) பட்டியலில் 'மிக அருகிவிட்ட இனம்' ஆகிவிட்டது. நீங்கள் சொல்லும் குஞ்சுகளை ஏற்கெனவே வருடக்கணக்காக விட்டாயிற்று. கர்நாடகப் பகுதியில் 1998 முதல் 2012 வரை தூண்டிலில் பிடித்து ஆற்றிலேயே திரும்ப விட்ட மீன்களின் பதிவேடு இருக்கிறது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, எடை இறங்கிக்கொண்டே வருகிறது. கூடியது நீலத்துடுப்பு, குறைந்தது திமில்.

கரையோரன்:
எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே? மாசீர் மாசீர்தான். தண்ணீருக்குள் யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

நீரடி:
கையில் எடுத்தாலே தெரியும். திமிலுக்குச் செவுள்மூடி ஓரத்திலிருந்தே முதுகு மேடேறி முதுகுத்துடுப்பு வரை போகும். வால் ஆரஞ்சு நிறம். நீலத்துடுப்பு மீனின் துடுப்புகள் நீலச்சாம்பல். இரண்டுக்கும் ஒரே மடு, ஒரே இரை, முட்டையிட ஒரே கூழாங்கல் படுகை. வந்தவன் பெருகினால் இருந்தவனுக்கு இடம் எங்கே? கலப்பினம் உருவாகும் ஆபத்து வேறு.

பொரிப்பகத்தான்:
இனம் தவறு என்பதில் நீரடி சொல்வது சரி. அதற்காகப் பொரிப்பையே ஏன் ஒதுக்க வேண்டும்? திமில் மாசீரையே பொரிக்கலாம். சினை முதிர்ந்த மீனின் வயிற்றை நன்கு துடைத்துவிட்டு, முட்டையை உலர்ந்த தட்டில் பிழிய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் முட்டை உப்பத் தொடங்கி, கருவேற்பது குறைந்துவிடும். ஆண் மீனின் பாலை (விந்தை) சேர்த்து இறகால் மெதுவாகக் கலக்கி, சில நிமிடம் விட்டுக் கழுவி, ஓடும் நீரில் தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். வெள்ளையாகிப்போன முட்டையைத் தினமும் பொறுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் தின்றுவிடும். நீலத்துடுப்புக்கு 24 டிகிரி வாக்கில் மூன்று நாளில் பொரியும். பொரிந்தவை வெளிச்சத்தை விட்டு ஒதுங்கி மூலையில் குவிந்து கிடக்கும். அப்போது நீரோட்டம் நின்றால் மொத்தமும் மூச்சுமுட்டிச் சாகும்.

நீரடி:
செய்முறையில் குறையில்லை. தாய்மீனுக்கு எங்கே போவீர்கள்? ரோகு கெண்டை உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் முட்டையிடும். மாசீர் சில ஆயிரம்தான், அதையும் பல தவணையாக இடும். காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாற்றில் மிஞ்சிய கொஞ்சம் திமிலிலிருந்து நாலு மீனை எடுத்தால் அங்கே அந்த வருடத்து முட்டையும் போச்சு. அந்த நாலின் பிள்ளைகளையே ஆறு முழுக்க விட்டால் அத்தனையும் உடன்பிறப்பு.

பொரிப்பகத்தான்:
எடுத்தே ஆக வேண்டியதில்லை. கரையிலேயே பிழிந்து, மீனை அங்கேயே விட்டுவிடலாம். வெவ்வேறு மடு, வெவ்வேறு வருடம் என்று ஜோடி மாற்றலாம். ஒவ்வொன்றின் துடுப்பிலும் நகக்கண் அளவு வெட்டி ஆல்கஹாலில் போட்டு வைத்தால் மரபணு பார்த்து உறவு மீன்களைத் தவிர்க்கலாம்.

கரையோரன்:
அப்படியானால் செலவு பத்து மடங்காகும். நீலத்துடுப்பாவது இன்றைக்கே கிடைக்கிறது.

நீரடி:
கிடைக்கிறது என்பதற்காக விடுவதா? மணல் அள்ளிய இடத்தில் கூழாங்கல் இல்லை. இருக்கிற இடத்தில் வண்டல் மூடி முட்டைக்குக் காற்று போகாது. மழைக்காலப் புது வெள்ளத்தில் மேலேறும் மீனை அணை மறிக்கிறது. மின்நிலையத்துத் தண்ணீர் திடீரென நின்றால் ஓர முட்டை காய்ந்துபோகும். எந்த இனத்துக் குஞ்சை விட்டாலும் அது முட்டையிட இடம் வேண்டுமே.

பொரிப்பகத்தான்:
அதை ஒத்துக்கொள்கிறேன். கரையில் பிழிவதற்குக்கூட முட்டையிடும் படுகை எது என்று முதலில் தெரிய வேண்டும். மோயாற்றில் அதைக் குறிக்கும் வரை தட்டை வெளியே எடுக்க வேண்டாம்.