ஒரு பழைய படம், ஒரு ராக் ஆல்பம்: எதில் தொடங்கலாம்?

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். என் மாமா வெளிநாடு போகும்போது ஒரு பெட்டி நிறைய கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் எங்கள் வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் எல்லாம் இருக்கின்றன. எனக்கோ இளையராஜாவைத் தாண்டிப் பழக்கமில்லை. மழை பிடித்துக்கொண்டுவிட்டதால் சனிக்கிழமை மாலைகளில் நண்பர்கள் எங்கள் வீட்டில் கூடுகிறோம். ஒரு பழைய படமும் ஒரு ராக் ஆல்பமும் ஜோடியாகத் தொடங்கலாம் என்று ஆசை. நீண்ட பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு ஜோடி சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். இன்னொன்று, சில கேசட்டுகளில் நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?

கேத்தி டீச்சர்:
தம்பி, படம் ‘மூன்றாம் பிறை’. ஆல்பம் பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’.

எங்கள் ஊரில் எடுத்த படம் என்பதற்காகச் சொல்லவில்லை. கேத்தி ஸ்டேஷனில் நடக்கும் அந்தக் கடைசிக் காட்சியை, படம் பார்க்காதவர்கள்கூட இங்கே விவரிப்பார்கள். நினைவு தப்பிக் குழந்தைபோல் ஆன விஜியை (ஸ்ரீதேவி) வைத்துப் பார்த்துக்கொள்பவன் சீனு (கமல்); அவள் குணமானதும் அவனை மறந்துவிடுகிறாள். எல்லோரும் ரயிலோடு ஓடும் சீனுவைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் பெட்டிக்குள் இருக்கும் விஜியைப் பாருங்கள். முன்பு தன்னைச் சிரிக்க வைத்த அதே குரங்கு வித்தையை அவன் மழையில், சேறும் சகதியுமாக நின்று மறுபடி செய்து காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன். அவள் முகத்தில் கொடூரமோ அலட்சியமோ துளியும் இல்லை. குணமாகி வீடு திரும்பும் ஒரு பெண்ணின் நியாயமான முகம் அது. அவள்மேல் கோபப்படக்கூட பாலு மகேந்திரா நமக்கு இடம் வைக்கவில்லை. 1982-இல் வந்த படம். இன்றைக்கும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இனி 1975-க்கு வாருங்கள். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பிங்க் ஃபிளாய்ட் வேலையில் இருக்கிறார்கள். தலையும் புருவமும் மழித்த, உடல் பெருத்த ஒருவர் உள்ளே வந்து நிற்கிறார். முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வந்தவர் சிட் பாரெட். அந்தக் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர், 1967-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதியவர், மனநிலை குலைந்து 1968-இல் குழுவைப் பிரிந்தவர். அன்று அவர்கள் மெருகேற்றிக்கொண்டிருந்தது அவரைப் பற்றிய பாட்டு, ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’.

கேத்தியில், நோய் தீர்ந்தவள் தன்னைக் காப்பாற்றியவனை அறியவில்லை. லண்டனில், நலமாக இருந்தவர்கள் நோய் கண்ட நண்பரை அறியவில்லை. இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்து, கேட்டுவிட்டு உங்கள் நண்பர்கள் பேசட்டும். நல்ல பேச்சாக இருக்கும்.

ஆல்பத்தைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். அந்தப் பாட்டில் எட்டு நிமிடம் கடந்த பிறகுதான் மனிதக் குரலே வரும். அதற்கு முன்னால், நீண்ட கார்வைக்கு நடுவே டேவிட் கில்மரின் கிடார் நான்கே சுரங்களை வாசித்து நிறுத்தும். அவை அடங்கும்வரை அடுத்தது வராது. பாட்டை இரண்டாக வெட்டி, பாதியை ஆல்பத்தின் தொடக்கத்திலும் மீதியை முடிவிலும் வைத்திருக்கிறார்கள். தலைப்புப் பாடலின் ஆரம்பத்தை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். யாரோ ரேடியோ நிலையம் மாற்றுவதுபோல் இருக்கும், சாய்காவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனி ஒரு நொடி வந்து போகும், பிறகு சன்னமாய், கரகரப்போடு ஒரு கிடார். அதோடு சேர்ந்து வாசிக்க இன்னொரு கிடார் வரும், நம் அறைக்குள்ளேயே ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதுபோல அத்தனை பக்கத்தில். ரேடியோவுக்குள் இருப்பவருக்கு இவர் வாசிப்பது கேட்கப்போவதில்லை. பிரிவை இதைவிடத் தெளிவாக ஒலியில் சொன்னவர்களை நான் கேட்டதில்லை.

பூஞ்சணம் பூத்த கேசட்டை நல்ல டெக்கில் போடவே போடாதீர்கள். நாடா உரசிப் போகும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியாகப் பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். இசைத்தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள்.

பூம்பாறை:
டீச்சர் சொல்லும் பொருத்தம் அருமை. ஆனால் நான் ‘குணா’ என்பேன், கூடவே ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’. ‘மூன்றாம் பிறை’யில் ‘பொன்மேனி உருகுதே’ எனக்கு ஒட்டவே இல்லை. ‘குணா’வில் அப்படித் துருத்தும் பாட்டு கிடையாது. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு வந்து அடிபட்டுப் போன படம். வெள்ளைக்காரர்கள் பேயின் அடுப்படி என்று பெயரிட்ட கொடைக்கானல் குகைக்கு இன்று அந்தப் படத்தின் பெயர்தான் வழங்குகிறது. ‘டார்க் சைட்’ இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடியும். புதிதாகக் கேட்பவனை உள்ளே இழுக்க அதுபோல வேறில்லை.

கேத்தி டீச்சர்:
‘டார்க் சைட்’ பெரிய ஆல்பம்தான். அதில் கிளேர் டோரி என்ற பாடகி சொல்லே இல்லாமல் பாடும் இடம் ஒன்று போதும். ஆனால் அது பணம், காலம், பித்து என்று எல்லோருக்கும் பொதுவாகப் பேசுகிறது. நான் சொன்னது ஒரே ஒரு மனிதரைப் பார்த்துப் பேசுகிறது. எனக்கு அதுதான் நெருக்கம்.

‘பொன்மேனி’யை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலைமையாசிரியரின் இளம் மனைவியாக சில்க் ஸ்மிதா வருகிறார். சீனுமேல் அவருக்கு இருக்கும் ஏக்கம்தான் அந்தப் பாட்டு. அது பக்கத்தில் இருப்பதால்தான் சீனு விஜியை எப்படி நடத்துகிறான் என்பதற்கு மதிப்பு. ‘குணா’வின் ஒளிப்பதிவும் கமலின் நடிப்பும் எனக்குப் பிடிக்கும். ஆனால் கடத்திவரப்பட்ட பெண் கடத்தியவனையே காதலிப்பதை, பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

கோத்தகிரிக்காரன்:
நன்றி டீச்சர், நன்றி பூம்பாறை அண்ணா. இந்தச் சனிக்கிழமை டீச்சர் சொன்ன ஜோடி, அடுத்த வாரம் அண்ணன் சொன்னது. இசைத்தட்டில் கீறல் இருக்கிறது. போனில் ஸ்பீக்கர் இணைத்துக் கேட்டால் பரவாயில்லையா?

கேத்தி டீச்சர்:
தாராளமாக. பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெட்டி வைத்த அந்தப் பாட்டின் இரு பாதிகளும் இடம் மாறிவிடும். படத்தைத் தமிழிலேயே பாருங்கள். அதையே பாலு மகேந்திரா 1983-இல் இந்தியில் எடுத்த ‘சத்மா’வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.