விலை குறைந்த பிரைம் லென்ஸ்கள்: வாங்கிப் பயன்படுத்தியவர்கள் சொல்வது

பிரைம் என்றால் ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ். சின்ன சென்சார் கேமராவுக்கு விலை குறைந்த பிரைம் எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு வந்த பதில்கள் இவை. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் கேமராவும் ஊரும் இருக்கும்.

சோனி ஏ6400, ஈரோடு

கல்யாண வேலைதான் எனக்குப் பிழைப்பு. மெயின் போட்டோகிராபர் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா வைத்திருப்பார், மேடைக்குப் பக்கவாட்டில் நின்று கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காத படங்கள் எடுப்பது என் பங்கு. சிக்மா கம்பெனியின் 30, 56 மில்லிமீட்டர் லென்ஸ் இரண்டும் என் பையில் உண்டு. இரண்டுமே எஃப் 1.4. இந்த எண் குறையக் குறைய அபர்ச்சர் என்னும் லென்ஸ் துவாரம் பெரிதாகி வெளிச்சம் கூடும்.

கேமராவோடு கொடுக்கும் 16-50 ஜூமை 50இல் வைத்தால் அபர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 56 பிரைமில் எஃப் 1.4 வரை போகலாம். நடுவில் நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பு), அதாவது 16 மடங்கு வெளிச்சம். விடியற்காலை முகூர்த்தம், வீடியோக்காரர் லைட்டை வேறு பக்கம் திருப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூமில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி விழும்) 12800 போட்டு எடுக்க வேண்டிய படம் இதில் 800இல் வந்துவிடும். பட்டுப்புடவையின் சரிகை வேலைப்பாடு ஆல்பத்தில் தெரிவதும் மசமசவென்று போவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அதற்காக எந்நேரமும் 1.4இல் எடுக்க முடியாது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் 56ஐ முழுசாகத் திறந்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். தாலி கட்டும்போது பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் உட்கார்ந்தால், கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் மாப்பிள்ளையின் விரல்கள் கரைந்துபோகும். அந்த நேரத்தில் கண்ணை அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்யும் வசதியை நம்பாமல், எஃப் 2.8க்கு இறக்கி, ஃபோகஸ் புள்ளியை நானே கையில் வைத்துக்கொள்வேன். கெட்டிமேளம் நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும், இரண்டாவது டேக் கிடையாது.

இன்னொன்று. முழுசாகத் திறந்து எடுத்தால் பெரும்பாலான லென்ஸ்களில் மல்லிகைப் பூ, வெள்ளை வேட்டி ஓரங்களில் ஊதா நிறம் கொஞ்சம் ஒட்டும். விலை குறையக் குறைய இது கூடும். பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் அப்பட்டமாகத் தெரியும். லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் ஒரு ஸ்லைடரில் போய்விடும் என்றாலும் ஆயிரம் படம் எடிட் செய்கிறவருக்கு அது ஒரு வேலை. நான் எஃப் 2க்குக் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

சோனிக்கு மட்டும் ஏன் இவ்வளவு லென்ஸ் குவிந்து கிடக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2011இலேயே ஈ மவுண்ட்டின் (சோனி கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) அடிப்படை விவரங்களை மற்ற தயாரிப்பாளர்களுக்கு சோனி கட்டணமில்லாமல் திறந்துவிட்டது. சிக்மா 30 வந்தது 2016இல், 339 டாலருக்கு. அதைத் தொடர்ந்து 16, 56. அந்த மூன்றும்தான் சின்ன சென்சார்காரர்களின் சோற்றுக்கு வழி செய்தன என்று சொன்னால் மிகையில்லை.


ஃபுஜி எக்ஸ்-டி30, சென்னை

அண்ணன் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் அதற்கும் கீழ்த்தட்டு. என்னிடம் இருப்பது டிடிஆர்ட்டிசான் கம்பெனியின் 35 எஃப் 1.4, முழுக்க மேனுவல், ஃபோகஸும் அபர்ச்சரும் கையால்தான் திருப்ப வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கையில் கொடுத்தபோதே பிடித்துப்போனது. முழுக்க உலோகம், கையளவுகூட இல்லை, ஃபோகஸ் வளையம் தேன் மாதிரி இழுவையாகச் சுழலும்.

வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இதில் கேமராவோடு பேசும் சிப் கிடையாது. லென்ஸ் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் லென்ஸ் இல்லாமல் படம் எடுக்க அனுமதிக்கும் செட்டிங்கை ஆன் செய்யாவிட்டால் ஷட்டர் விழாது. இது தெரியாமல் லென்ஸ் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் நிறைய பேர். சோனியிலும் இதே கதைதான். அப்புறம், படத்தின் விவரத்தில் எந்த அபர்ச்சரில் எடுத்தோம் என்பது பதிவாகாது. வெளிச்சம் அளப்பது மட்டும் ஒழுங்காக நடக்கும், அபர்ச்சர் பிரயாரிட்டியில் (அபர்ச்சர் நம் கையில், ஷட்டர் வேகம் கேமரா கையில்) வைத்து நிம்மதியாக எடுக்கலாம்.

நான் அதிகம் எடுப்பது மயிலாப்பூர் மாட வீதிகளில். அங்கே ஃபோகஸ் பீக்கிங் (கூர்மையான ஓரங்களைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். எஃப் 8இல் வைத்து, வளையத்தை 3 மீட்டர் குறியில் நிறுத்திவிடுவேன். 35க்கு அப்போது 2.2 மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 5 மீட்டர் வரை கூர்மையாக விழும். அதற்குப் பிறகு தூரத்தைக் கண்ணால் அளப்பதுதான் வேலை. பூக்கட்டும் அம்மா நிமிர்ந்து பார்க்கிற அந்த நொடியில் எந்த ஆட்டோஃபோகஸும் இதைவிட வேகமாக இருக்காது, ஏனென்றால் இங்கே ஃபோகஸ் செய்வதற்கே ஒன்றும் இல்லை. அறுபத்துமூவர் அன்று கூட்டம் இடிக்கிற இடியில் வளையம் நகர்ந்துவிடும், அதற்கு ஒரு சின்ன டேப் ஒட்டிக்கொள்வேன்.

ஓடும் குழந்தை, கல்யாணம், விளையாட்டு இதற்கெல்லாம் மேனுவல் வாங்காதீர்கள். விலையைப் பார்த்து மயங்கி வாங்கி அலமாரியில் தூங்கும் லென்ஸ்கள் எத்தனையோ. விற்கப் போனாலும் பாதி விலை தேறாது.


கேனான் ஆர்50, மதுரை

நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள். கேனானின் ஆர்எஃப் மவுண்ட் 2018இல் வந்தது. வில்ட்ராக்ஸ் கம்பெனியின் 85 ஒன்று இதற்கு வந்தது, 2022இல் கேனான் நிறுத்தச் சொன்னதும் அவர்கள் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரானும் உரிமத்தோடு ஆர்எஃப்புக்கு லென்ஸ் கொண்டுவரப்போவதாக அறிவித்தன. சிக்மாவின் எஃப் 1.4 பிரைம்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதுவும் சின்ன சென்சாருக்கு மட்டும்.

ஆனால் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கேனானின் சொந்த 50 எஃப் 1.8 விலை மலிவு. இந்தச் சின்ன சென்சாரில் அது ஃபுல் ஃப்ரேமில் 80 காட்டும் கோணத்தைக் காட்டும், முகம் எடுக்கத் தோதானது. அது கையில் இருக்கும்போது வெளிக்கம்பெனி 56ஐத் தேடிப் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். அகலமான கோணத்தில்தான் நமக்குப் பஞ்சம், சிக்மாவின் அந்த 16 எனக்கு வேண்டும்.


நிக்கான் இசட்50, யாழ்ப்பாணம்

ஈரோட்டு அண்ணையின் கதையைப் படித்தேன். எங்கட பக்கம் லென்ஸைவிடப் பெரிய பிரச்சினை, வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதுதான்.

நல்லூர்த் திருவிழா நேரம் வீதியில் இரவில் படம் எடுக்க என்று ஒரு எஃப் 1.4 வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். படம் என்றால் அருமை, காசுக்கு மேலே. பிறகு கமராவுக்குப் புது மென்பொருள் வந்ததென்று ஏற்றினேன். அடுத்த நாள் லென்ஸைப் போட்டால் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நிற்கிறது, பிடிக்கவே இல்லை. கழற்றிப் பூட்டினால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் அபர்ச்சர் எண்ணே திரையில் வராது.

இதற்குக் காரணம் விளங்கிக்கொள்ள வேண்டியது. சில கம்பெனிகள் கமரா நிறுவனத்திடம் உரிமம் எடுத்துச் செய்கின்றன. 2023இல் நிக்கானுக்கு வந்த சிக்மா 16, 30, 56 அப்படிப்பட்டவை. சில கம்பெனிகள் கமராவும் லென்ஸும் பேசிக்கொள்வதை அலசி ஆராய்ந்து, தாங்களே விடை கண்டுபிடித்துச் செய்கின்றன. அந்தப் பேச்சில் ஒரு சொல் மாறினாலும் இவர்கள் திரும்பவும் எழுத வேண்டும். என்னுடைய லென்ஸுக்கும் சரிசெய்த மென்பொருளை விட்டார்கள். மவுண்ட்டில் யூஎஸ்பி சி துவாரம் இருந்தது, கணினியில் செருகிக் கோப்பை இழுத்துப் போட்டதும் சரி. ஆனால் அதுவரைக்கும் லென்ஸ் பெட்டிக்குள்தான் இருந்தது, திருவிழா அதற்குக் காத்திருக்கவில்லை.

ஆகவே வாங்க முதல் ஒன்று பாருங்கோ. லென்ஸில் யூஎஸ்பி வழி இருக்கிறதா? வில்ட்ராக்ஸ் பலவற்றில் மவுண்ட்டிலேயே இருக்கும். டிடிஆர்ட்டிசான் 27 எஃப் 2.8இல் பின்மூடியில் வைத்திருக்கிறார்கள், அந்த மூடி தொலைந்தால் கதை முடிந்தது. இரண்டு வழியும் இல்லாத ஆட்டோஃபோகஸ் லென்ஸை என்ன விலைக்குக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். கமராவின் மென்பொருளையும் லென்ஸ்காரர் சரி என்று சொல்லும்வரை ஏற்றுவதில்லை.


சோனி ஏ6400, ஈரோடு

யாழ்ப்பாணத் தம்பி சொன்னது முக்கியமான விஷயம். கண்ணாடியில் இன்றைக்கு யாரும் மோசம் செய்வதில்லை. காசு மிச்சம் பிடிக்கப்படுவது மோட்டாரில், மென்பொருளில், ரப்பர் வளையத்தில், சர்வீசில். அப்புறம் தரச் சோதனையில். ஒரே மாடலில் இரண்டு லென்ஸ் எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

எனக்கு வந்த ஒரு 35இல் (கம்பெனி வேண்டாம், சிக்மா இல்லை) இடது ஓரம் பளிச், வலது ஓரம் எண்ணெய் தடவிய மாதிரி. உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையில் ஃபோகஸ் பூட்டிவிடுங்கள். அபர்ச்சர் முழுசாகத் திறந்தே இருக்கட்டும். கேமராவைத் திருப்பித் திருப்பி அந்தப் பலகையை நான்கு மூலையிலும் ஒவ்வொரு தடவை வரவைத்து எடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பரவாயில்லை, லென்ஸின் குணம் அது. ஒரு மூலை மட்டும் தனியாகக் கெட்டிருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் "போட்டோஷாப்பில் சரியாகிவிடும்" என்பார். ஆகாது.

குலுக்கிப் பார்த்து உள்ளே சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். லீனியர் மோட்டார் வைத்த லென்ஸ்களில் கேமரா ஆஃபாக இருக்கும்போது ஃபோகஸ் கண்ணாடி பிடிமானம் இல்லாமல் ஆடும்.

பில் இல்லாமல் கொஞ்சம் மலிவாகக் கொடுப்பார்கள், சரக்கு வெளிநாட்டிலிருந்து சூட்கேஸில் வந்ததாக இருக்கும். இந்திய வாரண்டி கார்டு கையில் வந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.


ஃபுஜி எக்ஸ்-டி30, சென்னை

நிறத்தை யாரும் சொல்லவில்லையே. ஒரு லென்ஸ் லேசாக மஞ்சள், இன்னொன்று நீலம் பக்கம் சாயும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. இரண்டிலும் எடுத்த முகங்களை ஒரே பக்கத்தில் வைத்தால் அக்காளும் தங்கையும் வேறு வேறு வெயிலில் நிற்கிற மாதிரி இருக்கும். ஒரே தொடரில் இரண்டு லென்ஸ் வாங்குவது நல்லது.

கடலோரத்தில் இருப்பவர்கள் லென்ஸைத் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள்.


சோனி ஏ6000, திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி. வீட்டில் நடக்கப் பழகும் பிள்ளை, அதைப் படம் எடுக்கத்தான் வாங்குகிறேன். பட்ஜெட்டில் ஒன்றுதான் முடியும். 30ஆ, 56ஆ?


சோனி ஏ6400, ஈரோடு

30. முக்கால் மீட்டர் உயரப் பிள்ளையைக் கேமராவை நெட்டுக்குத்தலாகப் பிடித்துத் தலை முதல் கால் வரை எடுக்க, 56க்கு இரண்டு மீட்டராவது பின்னால் போக வேண்டும். 30க்கு ஒரு மீட்டர் போதும். பிள்ளை நம்மை நோக்கித்தான் ஓடி வரும், நம் வீட்டு ஹாலில் பின்னால் போக ஏது இடம்? ஷட்டர் ஸ்பீடு ஒரு நொடியில் 250இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ6000இல் கேமராவுக்குள் ஆட்டம் தாங்கும் வசதி இல்லை, அந்த 30இலும் இல்லை. அந்த வசதி இருந்திருந்தாலும் ஓடுகிற பிள்ளையை அது நிறுத்தாது.