ஸ்டோர்ட் புரோசீஜர் சேர்வரில் ஓடுகிறது, எக்செலுக்கு வரவில்லை – உதவி தேவை

திருகோணமலை (கேள்வி):
வணக்கம். கொட்பே துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் வாங்கும் ஒரு ஸ்டோரில் கணக்கு வேலை பார்க்கிறேன். படகு வாரியாக நிறை, விலை, நாங்கள் முற்பணமாகக் கொடுத்த டீசல், ஐஸ் எல்லாம் எஸ்கியூஎல் சேர்வர் 2016 எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கின்றன. எனக்கு முன் இருந்தவர் எழுதிய ஸ்டோர்ட் புரோசீஜர் (சேர்வரிலேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) ஒன்று உண்டு. திகதியைக் கொடுத்தால் அன்றைய மீன் கணக்கைத் தற்காலிக டேபிளில் இன்சேர்ட் செய்து (சேர்த்து), முற்பணத்தைக் கழித்து அப்டேட் செய்து (மாற்றி), கடைசியில் செலக்ட் செய்து (எடுத்து) தரும். சேர்வரோடு பயன்படுத்தும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ கருவியில் எல்லாப் படகும் சரியாக வருகின்றன. எக்செலிலிருந்து ஏடிஓ (எக்செலை டேட்டாபேஸோடு இணைக்கும் பாலம்) வழியாக அழைத்தால் மட்டும் பிழை 3704, ஒப்ஜெக்ட் மூடியிருக்கிறதாம். வெறும் செலக்ட் கொடுத்தால் எக்செலுக்கும் வருகிறது. படகுக்காரர் காசுக்குக் காத்து நிற்கிறார்கள், யாராவது வழி சொல்லுங்கள்.

உப்புவெளி:
புரோசீஜர் கடைசியில் ரிட்டர்ன் போட்டுப் பாருங்கள்.

கிண்ணியா:
ரிட்டர்ன் வேண்டாம். அது ஒரு முழு எண்ணை மட்டும்தான் திருப்பும், பதிவுகளைத் தராது. பதிவுகளைத் தருவது அந்தக் கடைசி செலக்ட்தான், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஸ்டூடியோவில் ஓட்டிவிட்டு மெசேஜஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். 'ரோஸ் அஃபெக்டட்' (இத்தனை வரிகள்) என்று மூன்று வரி இருக்கும்: இன்சேர்ட்டுக்கு ஒன்று, அப்டேட்டுக்கு ஒன்று, செலக்ட்டுக்கு ஒன்று. ஸ்டூடியோ எல்லாவற்றையும் வாங்கித் தனித்தனியே காட்டிவிடும். ஏடிஓ அப்படியில்லை. முதலில் வரும் இன்சேர்ட் எண்ணிக்கையையே ஒரு ரெக்கோர்ட்செட் (பதிவுத் தொகுப்பு) என்று எடுத்துக்கொள்கிறது. அதில் கொலமே இல்லை, அதனால் மூடியபடி கிடக்கிறது. உங்கள் படகுகள் அதற்கு இரண்டு இடம் பின்னால் நிற்கின்றன.

புரோசீஜரின் முதல் வரியாக 'செட் நோகவுண்ட் ஒன்' (SET NOCOUNT ON) போடுங்கள், அந்த எண்ணிக்கை வரிகள் வராது. உள்ளே ரோகவுண்ட் (எத்தனை வரி மாறியது என்ற எண்) பார்த்து முடிவெடுக்கும் இடம் இருந்தாலும் பயமில்லை, அந்த எண்ணிக்கை வழக்கம்போலக் கிடைக்கும். நடுவில் செய்தி காட்டும் பிரின்ட் ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும். புரோசீஜரில் கை வைக்க முடியாதவர்கள் எக்செல் பக்கத்தில் 'நெக்ஸ்ட் ரெக்கோர்ட்செட்' கொடுத்து நகர்ந்து போகலாம். ஆனால் நாளைக்கு உள்ளே இன்னொரு அப்டேட் சேர்ந்தால் அந்தக் கணக்குத் தப்பிவிடும்.

திருகோணமலை:
அண்ணா, வந்துவிட்டது! மிக்க நன்றி. இன்னொன்று: நிறை, காசு எல்லாம் சரி, படகின் பெயர் மட்டும் ???? என்று விழுகிறது. மூல டேபிளில் தமிழில்தான் இருக்கிறது.

கிண்ணியா:
மூல டேபிளில் தமிழ் நன்றாகத் தெரிந்தால் தற்காலிக டேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். அங்கே பெயர்க் கொலம் வார்சார் (உங்கள் பதிப்பில் தமிழைத் தாங்காத எழுத்து வகை) என்று இருக்கும், தமிழைத் தாங்கும் என்வார்சார் ஆக்குங்கள். வார்சாரிலேயே தமிழை வைக்க உதவும் யூடிஎஃப்-8 கொலேஷன் 2019 பதிப்பில்தான் வந்தது, உங்கள் 2016இல் அந்த வசதி இல்லை. சோதிக்கும்போது எக்செல் செல்லைப் பாருங்கள். எக்செல் மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டர் தமிழைக் கேள்விக்குறியாகத்தான் காட்டும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

திருகோணமலை:
பெயர்களும் சரியாகிவிட்டன. படகுக்காரர் போனிலேயே கணக்குப் பார்க்க ஒரு வலைப்பக்கம் செய்யலாம் என்று முதலாளி சொல்கிறார். இதே புரோசீஜரை அதற்கும் கொடுக்கலாமா?

மூதூர்:
தாராளமாக. அந்தப் பக்கத்துக்குத் தனி லொகின் ஒன்று உருவாக்கி, புரோசீஜரை ஓட்டும் உரிமையை மட்டும் கொடுங்கள் தங்கச்சி. டேபிள்களும் புரோசீஜரும் ஒரே உரிமையாளரிடம் இருந்தால் டேபிள் உரிமை தேவையில்லை. உள்ளே டைனமிக் எஸ்கியூஎல் (ஓடும்போதே எழுத்தாகச் சேர்த்து ஓட்டும் கட்டளை) இருந்தால் மட்டும் இது பலிக்காது. ஒரு படகுக்காரர் மற்றவரின் கடனைப் பார்க்கக் கூடாது, ஆகவே படகு எண்ணையும் பராமீற்றராக (திகதியைப் போல வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பாக) சேருங்கள். அதற்கு நல் (வெற்று மதிப்பு) என்று டிஃபோல்ட் வைத்து, நல்லாக இருந்தால் எல்லாப் படகையும் தரும்படி எழுதுங்கள், எக்செல் முன்போலவே திகதியை மட்டும் கொடுத்து எல்லாப் படகையும் எடுக்கும். வலைப்பக்கம் அந்த எண்ணை, உள்ளே நுழைந்தவர் யார் என்று பார்த்துத்தான் நிரப்ப வேண்டும், அவரே தட்டச்சு செய்ய விடக் கூடாது. இனிமேல் புதுக் கொலம் தேவைப்பட்டால் செலக்ட்டின் கடைசியில் போடுங்கள். நடுவில் செருகினால் எக்செலில் டீசல் காசு ஐஸ் கொலத்தில் போய் விழும்.