கரண்டைக் கூட்டினால் அலை ஏன் குறைகிறது? அப்பாவின் கால் டெஸ்ட் பற்றி ஒரு சந்தேகம்

செல்லூர்த்தறி:

அப்பாவுக்கு 63 வயது. செல்லூரில் 40 வருடம் தறி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கை ஓரளவு தேறிவிட்டது, கால்தான் விறைப்பு. படி இறங்கும்போது முன்பாதம் தரையில் பட்டதும் கால் டகடகவென்று தானாகத் துள்ளுகிறது. "தறிச் சத்தம் காலுக்குள்ள போயிருச்சுடா" என்று அவரே சிரிப்பார்.

போன வாரம் நரம்பு டெஸ்ட் எடுத்தோம். குப்புறப் படுக்கவைத்து, முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியில் ஷாக் கொடுத்து, கெண்டைக்காலில் ஒட்டிய பட்டை வழியாகத் திரையில் பார்த்தார்கள். சின்ன ஷாக்குக்குச் சற்றுத் தள்ளி ஓர் அலை எழுந்தது. கரண்டைக் கூட்டக் கூட்ட அது வளர்ந்தது, அப்புறம் சுருங்கிக் காணாமலே போய்விட்டது. அதற்குள் முன்பக்கம் வேறோர் அலை பெரிதாகிவிட்டது. மெஷின் கோளாறா?

ஒவ்வொரு ஷாக்குக்கும் நடுவில் 10 விநாடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்பா "கரண்டு போயிருச்சா தம்பி" என்று கேட்டேவிட்டார். ஒரு தடவை பயந்து பல்லைக் கடித்தார், அலை எகிறியது. அதை அழித்துவிட்டார்கள். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை அழிக்கிறார்களோ என்று தோன்றியது. ரிப்போர்ட்டில் எச்/எம் விகிதம் வலது 0.34, இடது 0.71 என்று போட்டிருக்கிறது.

மாசிவீதி மணி:

நரம்புத் தளர்ச்சிதான் நண்பா. என் மச்சானுக்கும் இப்படித்தான். சத்து ஊசி பத்து போட்டார், சரியாகிவிட்டது.

ஊசிமுனை:

மணி அண்ணே, ஊசியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இது தளர்ச்சிக்கு நேர் எதிர்.

மதுரையில் 14 வருடமாக இந்த மெஷின் முன்னால்தான் என் பிழைப்பு. தம்பி, மெஷினில் கோளாறு இல்லை. அலை குறையாமல் போயிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அந்த நரம்புக் கட்டுக்குள் இரண்டு வகை இழைகள் உண்டு. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற சேதியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும் தடித்த இழைகள், தண்டுவடத்து இயக்க செல்லிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுவரும் இழைகள். 1 மில்லிசெகண்ட் நீளத்தில் மெதுவாக ஷாக் கொடுத்தால் முதலில் சிலிர்ப்பது சேதி இழை. அது தண்டுவடம் போய் செல்லைத் தட்ட, செல் கட்டளை அனுப்ப, தசை துடிக்கிறது. போய்வர ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட். அதுதான் தள்ளி வந்த எச் அலை. 1910இல் இதைப் பதிவு செய்த ஜெர்மானியர் ஹாஃப்மனின் முதலெழுத்து.

கரண்டைக் கூட்டினால் கட்டளை இழையும் நேரடியாகப் பற்றிக்கொள்ளும். அதில் ஒரு துடிப்பு கீழே தசைக்குப் போகும், அதுதான் முன்னால் வந்த எம் அலை. இன்னொன்று தலைகீழாகத் தண்டுவடத்தை நோக்கி ஏறும். ஊர்த் திருவிழாவில் சரவெடியை இரண்டு முனையிலும் பற்றவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு நெருப்பும் நடுவில் சந்தித்ததும் அவ்வளவுதான், தாண்டிப் போக வெடிக்காத வெடி மிச்சமில்லை. இங்கேயும் அப்படித்தான். செல் அனுப்பிய கட்டளை பாதி வழியில் எதிர்த் துடிப்பில் மோதி அணைந்துபோகிறது. அதனால் எச் அலை மறைகிறது.

விகிதத்துக்கு வருவோம். பெரிய எம் அலை என்றால் அந்தத் தசையின் எல்லா இழைகளும் துடித்த கணக்கு. அழகர் கோயில் தேரோட்டத்துக்குத் தெருவில் நின்று ஒரு குரல் கொடுக்கிறீர்கள், 100 பேரில் எத்தனை பேர் வடம் பிடிக்க வந்தார்கள் என்பதுதான் எச்/எம். வலது காலில் 34 பேர், இடது காலில் 71 பேர். மூளையிலிருந்து வரும் அடக்குமுறை குறைந்ததால் சின்னக் குரலுக்கே ஓடி வருகிறார்கள். கால் துள்ளுவதும் இதே வழியில்தான்.

ஆனால் 0.71ஐ மனப்பாடம் செய்யாதீர்கள். ஆளுக்கு ஆள் இது ஏகத்துக்கு மாறும், விறைப்பின் அளவோடு ஒட்டிப் போவதும் இல்லை. தவிர, இது செல்லை மட்டும் அளப்பதில்லை. சேதி இழையின் முனையிலேயே குரலை அமுக்கிவிடும் ஏற்பாடு தண்டுவடத்தில் இருக்கிறது. அது தளர்ந்தாலும் விகிதம் ஏறும்.

10 விநாடி காத்திருந்ததற்கும் காரணம் உண்டு. அடுத்தடுத்துத் தட்டினால் இரண்டாவது அலை சோர்ந்துபோகும். பல்லைக் கடித்தால், விரல்களைக் கோத்து இழுத்தால், தண்டுவடம் உஷாராகி அலை பெருக்கும். 1880களில் ஹங்கேரி டாக்டர் ஜெண்ட்ராசிக் சொன்ன வித்தை. முழங்காலைத் தட்டும் டாக்டர்கள் இன்னும் அதைச் செய்யச் சொல்வார்கள். உங்கள் டெக்னீஷியன் அழித்தது திருட்டு இல்லை, ஒழுங்கு. நானாக இருந்தால் ஓரத்தில் சின்னதாக ஓர் எம் அலையை ஒரே அளவில் வைத்துக்கொண்டே எடுப்பேன். பாதம் லேசாக நகர்ந்தாலே நரம்பில் படும் ஷாக் மாறிவிடும், அதை அந்த எம் அலை காட்டிக்கொடுத்துவிடும்.

செல்லூர்த்தறி:

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சரவெடி அவருக்குப் பிடித்துவிட்டது. எஃப் அலை என்று ஒரு வரியும் ரிப்போர்ட்டில் இருக்கிறதே?

ஊசிமுனை:

அது வேறு வழி. முழு பலத்தோடு ஷாக் கொடுத்து, அந்தத் தலைகீழ்த் துடிப்பையே செல் வரை அனுப்புவோம். 100 செல்லில் ஒன்றிரண்டு, மிஞ்சினால் ஐந்து, எதிரொலி போலத் திருப்பிச் சுடும். எந்தச் செல் சுடும் என்று சொல்ல முடியாது, அதனால் தட்டுக்குத் தட்டு அலையின் வடிவம் மாறும். நடுவில் சேதி இழை இல்லை.

பிசியோ கீதா:

தம்பி, டெஸ்ட் இருக்கட்டும். படி இறங்கும்போது அப்பா முன்பாதத்தை முதலில் வைக்கிறாரா? துள்ளல் தொடங்கினால் குதிகாலை அழுத்தி ஊன்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் அடங்கும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். கணுக்காலை நீட்டும் பயிற்சி நடக்கிறதா?

செல்லூர்த்தறி:

காலையில் மட்டும் அக்கா. இன்று மாலை வாசல்படியில் குதிகாலை ஊன்றிப் பார்த்தார். நாலு துள்ளலோடு நின்றது. மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டுமா அண்ணே?

ஊசிமுனை:

டாக்டர் கேட்டால் மட்டும். எடுத்தால் அதே இடத்தில், அதே மாதிரி குப்புறப் படுத்து. பல்லைக் கடிக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.