பள்ளி மாறியதிலிருந்து மகன் வாயே திறப்பதில்லை

கல்லிடைக்காரி:
காலாண்டு லீவில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வீடு மாறி வந்தோம். வீட்டுக்காரருக்கு இங்கேதான் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வந்து முதுகுவலி வந்ததுதான் மிச்சம். மகனுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அங்கேயும் ஸ்டேட் போர்டு, இங்கேயும் அதுதான். அதே இரண்டாம் பருவப் புத்தகம். படிப்பில் சிக்கல் வராது என்று நினைத்தேன், வரவும் இல்லை.

ஆனால் காலை ஏழரை ஆனால் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிப்பதில்லை. டாக்டரிடம் காட்டியாச்சு, ஒன்றுமில்லையாம். கூட்டாஞ்சோறு என்றால் உயிரை விடுவான். வெள்ளிக்கிழமை கட்டிக்கொடுத்தது, மூடியில் முருங்கைக்கீரை ஒட்டியபடி அப்படியே திரும்பி வந்தது. பழைய வீட்டுச் சாவி ஒன்றைப் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறான். அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்து பூட்டையே மாற்றிவிட்டார்கள். அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அங்கே பக்கத்து வீட்டு ஆச்சி அப்பளம் போடுகிறவர். பள்ளி விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு நேரே அங்கே ஓடுவான், ஒரு உருண்டை உளுந்த மாவு கிடைக்கும். இங்கே மூன்றாவது மாடி. எதிர்வீட்டுக் கதவு திறந்து நான் இன்னும் பார்க்கவில்லை.

"ஸ்கூல் எப்படிய்யா இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு." அவ்வளவுதான். கல்லிடையில் எங்க அம்மா வீட்டில் விட்டுப் பழைய பள்ளிக்கே அனுப்பலாமா?

வாய்க்கால்கரை:
ஒரு மாசத்துல சரியாயிரும். நம்ம காலத்துல இதெல்லாம் யாரு கேட்டா?

தென்காசித் தம்பி:
அனுப்பாதீங்க அக்கா. ஆறாம் வகுப்பில் என்னை அப்படித்தான் ஆச்சி வீட்டில் விட்டார்கள். பள்ளி பழசுதான், ஆனால் ராத்திரி அம்மா இல்லை. சாவி அவனிடமே இருக்கட்டும்.

ஓய்வு டீச்சர்:
"எப்படி இருந்துச்சு" என்று கேட்காதே அம்மா, அதற்குப் பிள்ளைகளிடம் ஒரே பதில்தான் உண்டு. காலை மணி அடித்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லு. எந்த பெஞ்சு, பக்கத்தில் யார், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான். ராத்திரி லைட்டை அணைத்த பிறகு கேள்.

கல்லிடைக்காரி:
டீச்சர், நேற்று ராத்திரி கேட்டேன். பிரேயர் சொன்னான், பெஞ்சு சொன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அட்டென்டன்ஸ்ல என் பேர மட்டும் கூப்புட மாட்டுக்காங்கம்மா" என்றான். மூன்று வாரமாக! காலையில் போய் விசாரித்தேன். பழைய பள்ளியில் டி.சி. கொடுத்தார்களே தவிர எமிஸ் என்கிற அரசின் மாணவர் பதிவுத் தளத்திலிருந்து அவனை விடுவிக்கவில்லையாம். அதனால் இங்கே பட்டியலில் பெயர் ஏறவில்லை.

ஓய்வு டீச்சர்:
நினைத்தேன். பழைய பள்ளி அவன் எமிஸ் எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுக்க முடியும். போனில் கேட்டால் "இன்னைக்குப் பண்ணிருதோம்" என்பார்கள். நேரில் போய், முடியும்வரை அங்கேயே உட்கார். அதுவரைக்கும் கம்ப்யூட்டரில் ஏறாவிட்டால் என்ன, ஒரு தாளில் எழுதிவைத்துக் கூப்பிடலாமே? வகுப்பு டீச்சரிடம் நான் சொன்னதாகவே சொல்லு. டி.சி. உடனே கொடுக்க வேண்டும், அது தாமதமானாலும் அரசு, உதவிபெறும் பள்ளிகள் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் பிரிவில் இருக்கிறது. சட்டம் பெயர் கூப்பிடுவதைப் பற்றியெல்லாம் பேசாது, அதை நாம்தான் கேட்க வேண்டும்.

கல்லிடைக்காரி:
போய் உட்கார்ந்தேன், பதினோரு மணிக்கு முடிந்தது. இன்று வந்ததும் வராததுமாக, "முப்பத்திரெண்டாவது ஆளும்மா நான், கடைசி" என்றான். டிபன் பாக்ஸில் பாதிச் சோறு மிச்சம். சனிக்கிழமை செங்கோட்டை பாசஞ்சரில் அப்பள ஆச்சியைப் பார்க்கப் போகிறோம். சாவியையும் எடுத்து வைத்திருக்கிறான். பூட்டு விஷயத்தை ரயிலிலேயே சொல்லிவிடவா, ஊர் போய்ச் சொல்லவா?