பி.எட். காலத்து வேலை, கருத்தரங்கு, பயிலரங்கம்: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்க

பாளை மார்க்கெட் பையன்

நானே தொடங்குகிறேன். இரண்டாம் வருஷம், செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும். ரெக்கார்ட் (செய்முறைப் பதிவேடு) கணக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நுண்ணிலைக் கற்பித்தல் (சில நிமிஷப் பயிற்சிப் பாடம்), பாடத்திட்டம், உளவியல், தனியாள் ஆய்வு என்று ஒவ்வொன்றும் தலையணை கனம். என் கையெழுத்து கொஞ்சம் நல்லாயிருக்கும். வகுப்பில் கைக்குழந்தையோடு படித்த ஒரு அக்காவுக்கு முதலில் சும்மாதான் எழுதிக் கொடுத்தேன், அதைப் பார்த்து இன்னொருத்தர் கேட்டார், அப்புறம் அது தொழிலாகிவிட்டது. ரெக்கார்டுக்கு 400 ரூபாய், படம் இருந்தால் கூட 100. சமாதானபுரத்து அறையில் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து எழுதுவேன். மொத்தம் ஒன்பது பேர். அறை வாடகை அதில்தான் ஓடியது.

தேர்வன்று எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கதர்ச் சேலை. மேசையில் அடுக்கியிருந்ததில் நாலு ரெக்கார்டை உருவி, ஒரே பக்கத்தைத் திறந்து வரிசையாக வைத்தார். நான் ‘ற’ எழுதினால் காலை ஒரு சுழி சுழித்து விடுவேன், நாலிலும் அந்தச் சுழி. யார் எழுதியது என்று அவர் கேட்கவே இல்லை. அந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், முடிந்தது.

“உங்க ரெக்கார்ட் எங்க தம்பி?” என்றார். அங்கேதான் வினை. எல்லாருக்கும் எழுதிவிட்டு என்னுடையதைக் கடைசி இரண்டு ராத்திரியில் கிறுக்கியிருந்தேன். உளவியல் ரெக்கார்டில் கண்ணாடி வரைதல் சோதனைக்கு (கண்ணாடியில் பார்த்தே நட்சத்திரத்தை வரைவது) நட்சத்திரத் தாள்கூட ஒட்டவில்லை, இடம் மட்டும் விட்டிருந்தேன். அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். மூடும்போது மெதுவாக, “ஒண்ணுக்கு எவ்வளவு வாங்குறீங்க?” என்று கேட்டார். என்னையறியாமல் 400 என்று சொல்லிவிட்டேன். “ரொம்பக் கம்மி” என்றார், அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அது திட்டா, கிண்டலா, இல்லை உண்மையாகவே சொன்னாரா? எட்டு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

பழைய ஒரு வருஷ பி.எட்.

திட்டுதான் தம்பி, இதில் என்ன சந்தேகம்? நீங்கள் எழுதிக் கொடுத்த ஒன்பது பேரும் இன்றைக்கு எங்கேயோ வகுப்பில் நிற்கிறார்கள், பாடத்திட்டம் எழுதத் தெரியாமல். எங்கள் காலத்தில் ஒரே வருஷம்தான் படிப்பு, 2015இல்தான் இரண்டு வருஷமாக்கினார்கள். அந்த ஒரு வருஷத்திலேயே எல்லாவற்றையும் சொந்தக் கையால் எழுதினோம்.

என் அனுபவம் சின்னதுதான். நுண்ணிலைக் கற்பித்தலில் 6 நிமிஷம் பாடம். கூடப் படித்த ஒருவன், வகுப்பில் யார் எப்படிப் பேசுகிறார் என்று குறிக்கிற ஃபிளாண்டர்ஸ் அட்டவணையை வைத்துக்கொண்டு 3 நொடிக்கு ஒரு கோடு போடுகிறான். ஆறு நிமிஷத்துக்கு 120 கோடு. முடிந்ததும் தாளைக் காட்டினான். 112 கோடு ஐந்தாம் எண்ணில், அதாவது நானே பேசிக்கொண்டிருந்தது. மாணவர் பதிலுக்கு இரண்டே கோடு. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நிற்க. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ரெக்கார்ட், கருத்தரங்கு, சான்றிதழ் என்று அலையாமல் முதல் நாளிலிருந்து டெட்டுக்கு (ஆசிரியர் தகுதித் தேர்வு) படியுங்கள். 150க்கு 90 எடுக்க வேண்டும், இட ஒதுக்கீட்டுச் சலுகை தனி. இரண்டாம் தாளில் குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, பாடம் 60. முதல் தாளை நம்ப வேண்டாம், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம், செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பாடப்புத்தகத்தை வரி விடாமல் வாசியுங்கள். வழிகாட்டி நூல் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். குழந்தை மேம்பாட்டுக்கு பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் என்ற உளவியலாளர் மூவரையும் கதையாகச் சொல்லத் தெரிய வேண்டும், அப்போதுதான் கேள்வியை மாற்றிக் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள். பழைய வினாத்தாள் எல்லாவற்றையும் நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

சாம்பார் வாளி

அண்ணாச்சி, அந்த 112 கோடு இப்போது 200 ஆகியிருக்கும்.

என் கதை. முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போவேன், ஒரு நேரத்துக்கு 350 ரூபாயும் சாப்பாடும். ஒரு வெள்ளிக்கிழமை சமையல் மாஸ்டர் கூப்பிட்டு, “நாளைக்குச் சின்ன ஆர்டர்ல, 200 பேரு, ஏதோ காலேஜாம்” என்றார். அதே சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் கருத்தரங்கு, நான் 500 ரூபாய் கட்டிக் கட்டுரையும் கொடுத்திருந்தேன். பணம் கட்டியாச்சு, சான்றிதழ் எப்படியும் வரும், போகாவிட்டால் என்ன, 350 ரூபாயாவது மிஞ்சும் என்பது என் கணக்கு. நம்ம கல்லூரிக்கும் யாரோ சாப்பாடு போட வேண்டுமே என்று மண்டையில் உறைக்கவில்லை. வேன் போய் நின்ற இடத்தைப் பார்த்ததும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் விடுவாரா.

தொடக்க விழா இழுத்து, பத்தரைக்குப் போட்டிருந்த அமர்வு ஒரு மணிக்குத்தான் ஆரம்பித்தது. ஒரு பக்கம் அமர்வு, ஒரு பக்கம் பந்தி. அன்றைக்குச் சொதிச் சாப்பாடு. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் என் வாளியை எட்டிப் பார்த்து, “இது என்ன தம்பி, மோர்க்குழம்பா?” என்று கேட்கிறார். நான் “சொதி சார், தேங்காய்ப்பால்” என்று சொல்ல வாயெடுக்க, அரங்கிலிருந்து மைக்கில் என் பெயர். ஒரு தடவை, இரண்டு தடவை. அவருக்குப் பக்கத்து இலையில் எங்கள் மேடம், எனக்கு வழிகாட்டி அவர்தான். மைக்கையும் கேட்டார், என்னையும் பார்த்தார். எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “அஞ்சு நிமிஷம்தான், பேசிட்டு வா.”

மஞ்சள் கறை படிந்த வெள்ளைச் சட்டையோடு போய் நின்றேன். தலைப்பு என்ன தெரியுமா? “பி.எட். மாணவர்களின் நேர மேலாண்மை”. திரும்பி வந்தபோது மேடம் அந்த வரிசையையே முடித்திருந்தார். மாஸ்டருக்கு அவர் யாரென்று தெரியாது, “யம்மா, அந்தக் கடைசிக்கு இஞ்சித் துவையல் போவல, பாத்துப் போடு” என்று அதட்டிக்கொண்டிருந்தார். மேடமும் போட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது.

வண்ணார்பேட்டை ஜெராக்ஸ்

சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை ஜெராக்ஸ் கடை, டி.டி.பி.யும் பார்ப்பேன். தேசியக் கருத்தரங்கு என்று 180 சான்றிதழ் அடித்து முடித்து, ஈரம் காயப் பரப்பி வைத்திருக்கிறேன். ராத்திரி எட்டரைக்கு போன். இலங்கையிலிருந்து ஒருவர் ஜூமில் பத்து நிமிஷம் பேச ஒத்துக்கொண்டாராம், எல்லாவற்றையும் ‘பன்னாட்டு’ என்று மாற்றி அடிக்க வேண்டுமாம். மாற்றி அடித்தேன். மறுநாள் அந்தப் பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் “ஹலோ, கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே போனது. நானும் அந்தச் சான்றிதழை என் பயோடேட்டாவில் போட்டிருக்கிறேன், அதனால் ரொம்பப் பேசக் கூடாது.

முக்கூடல்காரி

டெட் பாடத்திட்டம் எங்களுக்கும் தெரியும் அண்ணாச்சி, இங்கே யாரும் கேட்கவில்லை.

2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி (தன்னார்வலர்கள் நடத்தும் மாலை வகுப்புத் திட்டம்) வந்தபோது நான் முதல் வருஷம். மாசம் 1000 ரூபாய், சாயங்காலம் 5 முதல் 7 வரை. எங்கள் தெருத் திண்ணையில் 11 பிள்ளைகள். கொரோனாவில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் பார்க்காததுகள். எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பாதி வீட்டில் அம்மாவின் மடியில் பீடி சுற்றுகிற சுளவு (முறம்) இருக்கும். நாலாம் வகுப்புப் பையன் ஒருத்தனுக்கு ஐந்தாம் வாய்ப்பாடு வரவே வரவில்லை, ஐயைந்தில் நின்றுவிடுவான். ஒரு நாள் வராததால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா சுற்றிப் போட்டதை 25, 25 ஆக எண்ணி நூல் கட்டிக்கொண்டிருக்கிறான். கட்டை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே 25, 50, 75, 100 என்று ஆயிரம் வரை ஒரே ஓட்டம், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாற்பது கட்டு. “பாதி எவ்வளவுலே?” என்றேன். “இருபது கட்டு, 500” என்றான்.

மறுநாளிலிருந்து வெட்டிப் போட்ட இலைத்துண்டைப் பொறுக்கி வந்துதான் கணக்கு. அதே மாசம் எங்கள் கல்லூரியில் ‘குறைந்த செலவில் கற்றல் துணைக்கருவி’ பயிலரங்கம், தெர்மாகோல், மின்னும் தாள், பசைத் துப்பாக்கி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 250 ரூபாய் வசூல். சரி, அது கிடக்கட்டும். இந்த இலைக் கணக்கை ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். அமர்வுத் தலைவர் முழுசாகக் கேட்டார், நல்ல மனுஷர்தான். கடைசியில், “டி-மதிப்பு எவ்வளவு?” என்று புள்ளியியல் கணக்கைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தது அந்தப் பையனை. ஆயிரம் எண்ணுகிறவனைப் பள்ளிக்கூடம் ஐயைந்தில் நிறுத்தி வைத்திருந்ததே, அதை எந்த மதிப்பில் போடுவது?

வண்ணார்பேட்டை ஜெராக்ஸ்

அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. பையன் பீடி கட்டுவதைப் பார்த்தீங்க, அதை வைத்தே பாடம் நடத்தினீங்க. அந்த வேலையை நிறுத்தச் சொல்லி அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசினீங்களா?

முக்கூடல்காரி

பேசினேன். “நீ வந்து கட்டித் தாரியா மக்களே?” என்று கேட்டாள். இரண்டு நாள் கட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் எனக்கு மாதிரித் தேர்வு, போகவில்லை, அவன்தான் கட்டினான். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கேட்பது சுலபம் தம்பி.

பழைய ஒரு வருஷ பி.எட்.

சண்டை வேண்டாம். ஆனால் அமர்வுத் தலைவர் கேட்டது நியாயம்தான் அம்மா, கேட்ட விதம்தான் தப்பு. 11 பிள்ளைகளுக்கு டி-டெஸ்ட் போட்டாலும் பெரிசாகச் சொல்ல ஒன்றுமிருக்காது. நீங்கள் செய்தது செயலாய்வு, அதாவது தன் வகுப்புச் சிக்கலை ஆசிரியரே செய்து பார்த்து ஆராய்வது. தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை, ஆறு வாரம் கழித்து அதே மாதிரி இன்னொன்று, இரண்டையும் பிள்ளைவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் போதும். எண் வேண்டுமென்றால் வில்காக்சன் என்ற புள்ளியியல் சோதனை இருக்கிறது, குறைந்த எண்ணிக்கைக்கு அதுதான் பொருந்தும். ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுக் குழு இல்லையே என்று அடுத்து கேட்பார்கள், அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும், திண்ணையில் இரண்டு குழு வைக்க முடியாது என்று தைரியமாகச் சொல்லலாம். முதலில் தலைப்பை மாற்றுங்கள்

சாம்பார் வாளி

ஐந்தாம் எண் அண்ணாச்சி, ஐந்தாம் எண்.

சேரன்மகாதேவி டீச்சர்

சுருக்கமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் இருக்கிறேன். இரண்டாம் வருஷம், பள்ளியில் 16 வாரப் பயிற்சி. மேற்பார்வைக்கு வந்த சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிக்கிறார். வலுவூட்டல் திறனில், அதாவது பிள்ளைகளைப் பாராட்டி ஊக்குவிப்பதில், எனக்கு முதல் தடவை மதிப்பெண் போயிருந்ததால் அன்றைக்கு யார் வாயைத் திறந்தாலும் ‘அருமை’ சொல்வது என்று முடிவெடுத்துப் போயிருந்தேன். “தாமிரபரணி எங்கே கடலில் கலக்கிறது?” என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து “கன்னியாகுமரி” என்றான். என் வாய் அதுபாட்டுக்கு, “அருமை! எல்லாரும் கைதட்டுங்க!” தட்டினார்கள். சார் ஏதோ குறித்தார். புன்னக்காயல் என்று திருத்தியிருக்க வேண்டும், திருத்தினால் சொதப்பியது தெரிந்துவிடுமே என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. வகுப்பில் இருபது பேருக்கு மேல் கன்னியாகுமரி. விடைத்தாள் கொடுக்கும்போது அந்தப் பையன் மட்டும் என்னிடம் வந்தான். “டீச்சர், நீங்கதான கைதட்டச் சொன்னிய?” என்றான். கோபமே இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். ஆத்தங்கரையில் வீடு அவனுக்கு.

அன்றைக்கு எனக்கு வலுவூட்டலில் 10க்கு 9.

பாளை மார்க்கெட் பையன்

டீச்சர், அந்த 9ஐப் போட்டவரை என்ன சொல்ல.

என் கதைக்குத் திட்டுதான் என்று ஒருத்தர் தீர்ப்பே சொல்லிவிட்டார். இருக்கலாம். ஆனால் அந்த அம்மா ரெக்கார்டை மூடியபோது ஆள்காட்டி விரலில், பேனா அழுந்துகிற இடத்தில் ஒரு காய்ப்பு பார்த்தேன். எனக்கும் அதே இடத்தில் இருக்கிறது. அதனால்தான் கேட்டேன்.

வண்ணார்பேட்டை ஜெராக்ஸ்

அண்ணே, கேட்கிறேன் என்று தப்பா நினைக்காதீங்க. இப்போதும் எழுதுறீங்களா? என் தங்கச்சிக்கு உளவியல் ரெக்கார்ட் மட்டும் மிச்சம். நட்சத்திரத் தாள் எங்கள் கடையிலேயே இருக்கு.