புதுப்பிப்பு: மனைப்பிரிவின் பூங்கா இடத்தை மனையாக விற்கப் பார்த்த விவகாரம்

எங்கள் கிராம ஊராட்சியில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு ஒன்றில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் கல் நட்டு விற்கப் பார்க்கிறார்கள், எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இடம் தப்பித்தது.

கைகொடுத்தது, வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்க முடிந்தது. அந்த இடத்தை ஊராட்சிக்குக் கொடுத்த தானப் பத்திரம் அதில் இருந்தது. பெரிய மனைப்பிரிவு என்றால் சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் இப்படிக் கொடுத்தாக வேண்டும். அப்புறம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டு, நகர் ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து அங்கீகரித்த வரைபட நகலை வாங்கினோம்.

எதிர்பாராதது ஒன்று: பத்திரம் பதிவாகியும் பட்டா ஊராட்சி பெயருக்கு மாறவே இல்லை, மனை போட்டவர் பெயரிலேயே இருந்தது. விற்கும் துணிச்சல் அதனால்தான் வந்திருக்கிறது. தானப் பத்திரத்தோடு நிறுத்தாமல் பட்டாவையும் கட்டாயம் பாருங்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் வில்லங்கச் சான்று, வரைபடம் இரண்டின் நகல்களையும் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றினோம். அதை இணைத்து ஊராட்சி பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தது, சார்பதிவாளருக்கும் ஆட்சேபக் கடிதம் கொடுத்தது. இப்போது பட்டா ஊராட்சி பெயரில். நட்ட கற்களையும் பிடுங்கியாகிவிட்டது. வேலி போட நிதி கேட்டிருக்கிறோம், அது மட்டும் பாக்கி.